வெள்ளிக் கோஷம் விழுங்கிய கடன் கோரிக்கை: 1890களில் அமெரிக்க விவசாயிகள் கேட்டது என்ன?

2025 ஜனவரியில் டொனால்ட் டிரம்ப் இரண்டாம் முறை பதவியேற்ற நாளில், அலாஸ்காவில் உள்ள டெனாலி மலைக்கு மீண்டும் மெக்கின்லி என்று பெயர் வைக்க உத்தரவிட்டார். இறக்குமதி வரியால் நாட்டைப் பணக்கார நாடாக்கியவர் என்று வில்லியம் மெக்கின்லியைப் பதவியேற்பு உரையிலும் புகழ்ந்தார். அதிலிருந்து மெக்கின்லி காலம் பற்றிய பேச்சு செய்திகளில் அடிக்கடி வருகிறது. கூடவே 1896 தேர்தல், தங்கம், வெள்ளி, பாப்புலிஸ்ட்கள் என்று சில பெயர்களும் விளக்கம் எதுவும் இல்லாமல் வந்து விழுகின்றன.

1896இல் மெக்கின்லியிடம் தோற்ற வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அவருக்குப் பின்னால் நின்றதோ இருபது ஆண்டுகளாகத் திரண்டுவந்த விவசாயிகள் இயக்கம். அந்தத் தேர்தலைத் 'தங்கமா, வெள்ளியா' என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். அப்படிச் சொன்னால், ஏதோ ஓர் உலோகத்தின் மேல் ஆசைப்பட்டு விவசாயிகள் கிளம்பியதுபோல ஆகிவிடும். அவர்களுடைய பிரச்சினை கடன். யார் கடன் தருவது, என்ன வட்டிக்கு, எதை அடமானமாக வைத்து, எப்போது திருப்பிக் கேட்பது? இயக்கத்தின் மூளை வேலை செய்தது இந்தக் கேள்விகளில்தான்.

## விலை சரிந்தால் கடன் வளரும்

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பணம் போதாமல், அமெரிக்க அரசு தங்கத்தின் பின்பலம் இல்லாத காகித நோட்டுகளை அச்சிட்டது. பின்பக்கம் பச்சையாக இருந்ததால் அவற்றுக்குக் கிரீன்பேக் என்று பெயர். சுமார் 45 கோடி டாலர் வரை அச்சிடச் சட்டம் அனுமதித்தது. போர் முடிந்ததும், பழையபடி தங்கத்துக்கே திரும்ப வேண்டும் என்று வங்கியாளர்களும் அரசும் முடிவு செய்தனர். 1875இல் அதற்கான சட்டம் வந்தது. 1879 ஜனவரி 1 முதல் காகித டாலரைக் கொடுத்துத் தங்கம் வாங்கிக்கொள்ளலாம் என்றானது.

இதற்கு ஒரு விலை இருந்தது. மக்கள்தொகை பெருகியது, புதிய நிலங்கள் உழவுக்கு வந்தன, ஆலை உற்பத்தி ஏறியது. புழக்கத்தில் உள்ள பணம் அந்த வேகத்தில் ஏறவில்லை. பொருள் அதிகம், பணம் குறைவு என்றால் விலைகள் ஆண்டுதோறும் இறங்கும். இதுதான் பணவாட்டம்.

ஒரு கணக்குப் பார்க்கலாம். 1870களின் தொடக்கத்தில் ஒரு புஷல் கோதுமை, அதாவது ஏறக்குறைய 27 கிலோ, ஒரு டாலரை ஒட்டி விற்றது. அப்போது 1,000 டாலர் கடன் வாங்கியவர் 1,000 புஷல் விற்றால் அசலை அடைத்துவிடலாம். 1894இல் கோதுமை விலை 50 சென்ட் அளவுக்கு வந்துவிட்டது. அதே 1,000 டாலரை அடைக்க 2,000 புஷல் வேண்டும். பருத்தியின் சரிவு இன்னும் மோசம். 1870களின் தொடக்கத்தில் ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 450 கிராமுக்கு, 14, 15 சென்ட் கிடைத்தது, 1894இல் 5 சென்ட் கிடைப்பதே பெரிய பாடு.

விலை குறைந்தால் விவசாயி வாங்கும் பொருளும் மலிவாகுமே என்று கேட்கலாம். ஆகத்தான் செய்தது. குறையாமல் நின்றது ஒன்றே ஒன்று, கடன் பத்திரத்தில் எழுதியிருந்த தொகை.

இதோடு வரி விவகாரமும் சேர்ந்தது. அமெரிக்கக் கோதுமைக்கும் பருத்திக்கும் விலை நிர்ணயமான இடம் இங்கிலாந்தின் லிவர்பூல் சந்தை. அங்கே யாருக்கும் பாதுகாப்பு கிடையாது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு பஞ்சாப் கோதுமையும் அங்கே போட்டிக்கு வந்து நின்றது. ஆனால் அமெரிக்க விவசாயி வாங்கும் கலப்பை, கம்பி, துணி எல்லாம் இறக்குமதி வரியின் பாதுகாப்பில் உள்ளூர் ஆலைகள் வைத்த விலைக்கே கிடைத்தன. விற்பது திறந்த சந்தையில், வாங்குவது மூடிய சந்தையில். 1890இல் அந்த வரியை மேலும் உயர்த்திய சட்டத்துக்கே மெக்கின்லி வரி என்றுதான் பெயர்.

## சமவெளியின் கடனும் தெற்கின் கடனும்

அமெரிக்க விவசாயி என்று ஒரே ஆளை மனதில் வைத்துக்கொண்டால் இந்த இயக்கம் புரியாது. குறைந்தது இரண்டு உலகங்கள் இருந்தன.

கன்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா போன்ற மேற்குச் சமவெளிகள் முதல் உலகம். 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் நிலம் இலவசம். நிலம் இலவசம்தான். கலப்பை, குதிரை, கிணறு, முள்வேலி எதுவும் இலவசம் இல்லை. கிழக்கு மாநிலங்களின் சேமிப்புப் பணம் அடமானக் கடனாக இங்கே வந்து இறங்கியது. பெரும்பாலும் ஐந்தாண்டுக் கடன், முடிவில் அசலை மொத்தமாகக் கட்ட வேண்டும். 1880களின் முற்பாதியில் மழை நன்றாகப் பெய்தது. எல்லோரும் நம்பிக்கையோடு வாங்கினார்கள். 1887இலிருந்து வறட்சி. நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. மழை பெய்து விளைந்த ஆண்டிலும் விடிவில்லை. 1889இல் கன்சாஸில் மக்காச்சோளம் அமோக விளைச்சல். விலை எவ்வளவு கீழே போனது என்றால், நிலக்கரி வாங்குவதைவிட மலிவு என்று சோளத்தையே அடுப்பில் போட்டு எரித்தார்கள்.

இந்தப் பகுதியில் ரயில்தான் ராஜா. ஊருக்கு ஒரு பாதை, அது ஒரு கம்பெனிக்குச் சொந்தம். போட்டி உள்ள பெருநகரங்களுக்கு இடையே நீண்ட தூரத்துக்குக் கட்டணம் குறைவு, போட்டியில்லாத சிற்றூரிலிருந்து குறைந்த தூரத்துக்குக் கட்டணம் அதிகம். ரயிலடியில் இருந்த தானியக் கிடங்குக்காரர், எலிவேட்டர் என்பார்கள், கோதுமை எந்தத் தரம் என்று அவரே முடிவு செய்வார். சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் நீதிபதிகளுக்கும் ரயில் கம்பெனிகள் இலவசப் பாஸ் கொடுத்து வைத்திருந்தன. புகார் எங்கே எடுபடும்?

இரண்டாவது உலகம் பருத்தி விளையும் தெற்கு. அங்கே போருக்குப் பின் அடிமை முறை ஒழிந்தது, நிலம் பழைய உடைமையாளர்களிடமே இருந்தது, பணம் யாரிடமும் இல்லை. வங்கியும் இல்லை. தேசிய வங்கி தொடங்கச் சிற்றூரிலும்கூட 50,000 டாலர் முதல் வேண்டும் என்பது சட்டம். நிலத்தை அடமானமாக வைத்துக் கடன் தரவும் அந்த வங்கிகளுக்கு அனுமதி இல்லை. விவசாயியிடம் இருந்ததோ நிலம் மட்டும். பலரிடம் அதுவும் இல்லை, விளைச்சலில் ஒரு பங்கை உடைமையாளருக்குக் கொடுக்கும் வாரத்துக்குத்தான் உழுதார்கள்.

அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்தவர் ஊர்க் கடைக்காரர். அவர் பணம் தரமாட்டார், சாமான் தருவார். மாவு, பன்றிக்கறி, உரம், துணி எல்லாம் பற்றில் எழுதப்படும். ரொக்கத்துக்கு ஒரு விலை, பற்றுக்கு ஒரு விலை. அதற்கு மேல் வட்டி. ஈடு என்ன? இன்னும் விதைக்காத பயிர். இந்தப் பயிர் அடமானத்தில் கையெழுத்துப் போட்டவர் வேறு கடையில் பற்று வைக்க முடியாது. என்ன விதைப்பது என்பதையும் கடைக்காரரே சொல்வார். எப்போதும் விலைபோகும் சரக்கு என்பதால் பருத்திதான். எல்லோரும் பருத்தி போட்டதால் விலை இன்னும் விழுந்தது. அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி நிற்கும். பாக்கி நின்றால் அடுத்த ஆண்டும் அதே கடை. வெள்ளையர், கறுப்பர் இருவருமே இதில் சிக்கியிருந்தனர். கறுப்பர் நிலை கூடுதல் மோசம்.

## சங்கங்கள் கற்றுக்கொண்ட பாடம்

முதலில் வந்தது 1867இல் ஆலிவர் கெல்லி தொடங்கிய கிரேஞ்ச் என்ற சங்கம். சடங்கும் சந்திப்புமாகத் தொடங்கி, 1875 வாக்கில் எட்டு லட்சம் பேரைத் தாண்டியது. இல்லினாய், அயோவா, மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் ரயில், கிடங்குக் கட்டணங்களுக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டங்களைக் கொண்டுவரச் செய்தது. சிகாகோ கிடங்குக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். பொதுநலன் தோய்ந்த தொழிலை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று 1877இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1886இல் அதே நீதிமன்றம், மாநில எல்லை தாண்டும் சரக்கின் கட்டணத்தில் மாநிலங்கள் கைவைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதன் விளைவாக மறு ஆண்டே மாநிலங்களுக்கு இடையிலான வணிகச் சட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. சட்டம் வந்தது, பல் இல்லை.

அடுத்து எழுந்தது விவசாயிகள் கூட்டணி. 1870களில் டெக்சாஸின் லம்பாசஸ் வட்டாரத்தில் முளைத்து, 1890 வாக்கில் பத்து லட்சம் உறுப்பினர்களுக்கு மேல் சேர்த்தது. பெண்களும் உறுப்பினராகலாம். ஊர் ஊராகப் போய்ப் பேசும் சொற்பொழிவாளர்கள் பல்லாயிரம் பேர். நாணயம், வட்டி, ரயில் கட்டணம் என்று பொருளாதாரப் பாடமே நடத்தினார்கள்.

கூட்டணியின் முதல் ஆயுதம் கூட்டுறவு. 1888இல் சணல் சாக்குத் துணிக் கம்பெனிகள் ஒன்றுகூடி விலையை ஏற்றின. பருத்திப் பொதியைச் சுற்றப் பயன்படும் அந்தத் துணிக்கான சணல் வங்காளத்தில் விளைந்தது. விவசாயிகள் சணலைப் புறக்கணித்து, பருத்தித் துணியையே சுற்றிக் கட்டி அனுப்பினார்கள். விலை இறங்கியது. இந்தப் போராட்டம் வென்றது.

பெரிய முயற்சி தோற்றது. சார்லஸ் மக்யூன் என்பவர் 1887இல் டாலஸில் கூட்டுறவு வணிக நிலையம் ஒன்றைத் தொடங்கினார். கடைக்காரரைத் தாண்டி மொத்தமாகச் சாமான் வாங்குவது, பருத்தியை மொத்தமாக விற்பது என்று திட்டம். விவசாயிகள் தங்கள் சொத்தைக் காட்டிக் கூட்டாகக் கையெழுத்திட்ட பத்திரங்களை வைத்துக் கடன் கேட்டார்கள். வங்கிகள் மறுத்துவிட்டன. 1889இல் நிலையம் மூடப்பட்டது.

இந்தத் தோல்விதான் திருப்பம். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் கடன் கிடைக்காது என்றால், கடன் தரும் இடமே மாற வேண்டும் என்ற முடிவுக்கு மக்யூன் வந்தார்.

## துணைக் கருவூலத் திட்டம்

1889 டிசம்பரில் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் அவர் வைத்த திட்டம், என் கணிப்பில், இந்த இயக்கத்தின் மிக அசலான சிந்தனை. நடைமுறை இப்படி:

1. ஆண்டுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் விளைபொருள் விற்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் மத்திய அரசு ஒரு கிடங்கும் ஒரு கருவூல அலுவலகமும் திறக்க வேண்டும்.

2. விவசாயி தன் பருத்தியையோ, கோதுமையையோ, கெட்டுப்போகாத வேறு விளைபொருளையோ அங்கே வைப்பார். அன்றைய சந்தை மதிப்பில் 80 சதவீதத்தை அரசு புதிய காகிதப் பணமாகக் கடன் தரும். வட்டி ஆண்டுக்கு 1 சதவீதம். சேமிப்புக் கூலி தனி.

3. கையில் கிடங்கு ரசீது இருக்கும். அதை விற்கலாம். விலை ஏறும்வரை ஓராண்டு காத்திருக்கலாம்.

4. பொருள் விற்றதும் கடன் திரும்பி வரும். வந்த நோட்டுகளை அரசு அழித்துவிடும்.

இதில் இரண்டு நோய்களுக்கு ஒரே மருந்து இருக்கிறது. அறுவடைக் காலத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை தரைக்கு வரும், பிறகு வியாபாரி கையில் சரக்கு போனதும் ஏறும். கையில் 80 சதவீதம் பணம் இருந்தால் விவசாயி கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். இது முதல் நோய்க்கு.

இரண்டாவது, பணப் புழக்கம். அறுவடை மாதங்களில் நாடெங்கும் பணத்துக்குத் தட்டுப்பாடு வரும், ஏனென்றால் விளைச்சலை வாங்கி நகர்த்தப் பணம் தேவை, இருக்கும் பணமோ நியூயார்க் வங்கிகளில் கிடக்கும். மக்யூன் திட்டத்தில் விளைச்சலோடு சேர்ந்தே பணம் பிறக்கும், விளைச்சல் விற்றதும் மறையும். தேவைக்கேற்ப விரிந்து சுருங்கும் நாணயம். பிற்காலப் பொருளாதார வல்லுநர்கள் மத்திய வங்கியிடம் எதிர்பார்த்தது இதைத்தான்.

ஓட்டைகள் இல்லாமல் இல்லை. எல்லோரும் காத்திருந்தால் எல்லோருக்கும் விலை ஏறுமா, லிவர்பூல் சந்தை அதற்குக் கட்டுப்படுமா என்பதற்கு நல்ல பதில் கிடையாது. ஓராண்டு கழித்தும் விலை விழுந்தே கிடந்தால் இழப்பு யாருடையது என்ற கேள்வியும் இருந்தது. மசோதா நாடாளுமன்றத்தில் குழுவைத் தாண்டவில்லை. பருத்தியின் மேல் நோட்டு அடிப்பதா என்று பத்திரிகைகள் கேலி செய்தன.

## சங்கம் கட்சியாகிறது

இரு பெரிய கட்சிகளும் காது கொடுக்கவில்லை. ஆனாலும் மூன்றாம் கட்சி என்பது சுலபமான முடிவு அல்ல. போரின் நினைவு அப்போது பசுமையாக இருந்தது. வடக்கில் விவசாயி என்றால் குடியரசுக் கட்சி, தெற்கில் வெள்ளை விவசாயி என்றால் ஜனநாயகக் கட்சி. கட்சி மாறுவது, செத்துப்போன அண்ணனைக் காட்டிக்கொடுப்பது மாதிரி.

கன்சாஸில் அந்தத் தடை முதலில் உடைந்தது. 1890 தேர்தலில் அங்கிருந்த 7 நாடாளுமன்றத் தொகுதிகளில் 5ஐ விவசாயிகளின் புதிய அணி பிடித்தது. பதினெட்டு ஆண்டு செனட்டராக இருந்த ஜான் இங்கல்ஸை வீட்டுக்கு அனுப்பி, வில்லியம் பெஃபரை அமர்த்தியது. மேடைகளில் மேரி லீஸ் போன்ற பெண்கள் முழங்கினார்கள். அவர்களுக்கு அப்போது அந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது.

1892 ஜூலைத் தொடக்கத்தில் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் மக்கள் கட்சியின் முதல் தேசிய மாநாடு கூடியது. பாப்புலிஸ்ட் என்பது இக்கட்சியினரின் பெயர். அங்கே ஏற்ற கொள்கை அறிக்கையின் முன்னுரையை இக்னேஷியஸ் டானலி எழுதினார். முக்கியக் கோரிக்கைகள்:

1. துணைக் கருவூலம், அல்லது அதைவிட நல்ல ஏற்பாடு.

2. வெள்ளியை 16க்கு 1, அதாவது 16 பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம், என்ற விகிதத்தில் வரம்பின்றி நாணயமாக்குதல். தலைக்கு 50 டாலருக்குக் குறையாத பணப் புழக்கம்.

3. வருமானம் ஏற ஏற விகிதமும் ஏறும் வருமான வரி. அஞ்சலகச் சேமிப்பு வங்கி.

4. ரயில், தந்தி, தொலைபேசி அரசு உடைமை.

செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, ரகசிய வாக்குச்சீட்டு, தொழிலாளர் வேலை நேரக் குறைப்பு ஆகியவை ஆதரவுத் தீர்மானங்களில் இருந்தன. விரும்பத்தகாத குடியேற்றத்தைத் தடுக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருந்தது. அதை மறைத்துவிட்டு இவர்களை முற்போக்காளர்களாக மட்டும் காட்டுவது சரியல்ல.

இன்றைய செய்திகளோடு சேர்த்துப் பார்க்க ஒரு வரி உண்டு. இறக்குமதி வரி பற்றிப் பெரிய கட்சிகள் போடும் சண்டை பொய்ச் சண்டை, மக்களின் கூக்குரலை அமுக்க எழுப்பும் சத்தம் என்று அந்த முன்னுரை சொன்னது. வரி முக்கியமில்லை என்பதல்ல பொருள். பணமும் கடனும் யார் கையில் என்பதே முதல் கேள்வி என்றார்கள்.

அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார், சுமார் 8.5 சதவீதம். அதிபரை முடிவு செய்யும், மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகள் 22. புதிய கட்சிக்கு இது பெரிய வெற்றி. ஆனால் வீவர் வடக்குப் படையின் முன்னாள் தளபதி. தெற்கில் பிரசாரத்துக்குப் போன இடத்தில் அவர் மேல் முட்டை வீசினார்கள்.

## வெள்ளி எப்படி முன்வரிசைக்கு வந்தது?

1873 வரை அமெரிக்காவில் தங்கம், வெள்ளி இரண்டையும் நாணயச்சாலையில் கொடுத்து டாலராக அடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தந்தது. 16 பங்கு வெள்ளி ஒரு பங்கு தங்கத்துக்குச் சமம் என்பது விகிதம். அந்த ஆண்டு நாணயச் சட்டம் வெள்ளி டாலரை விட்டுவிட்டது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அப்போது வெள்ளிக்கு வெளிச்சந்தையில்தான் நல்ல விலை. பிறகு நெவாடாவில் வெள்ளி கொட்டியது, ஜெர்மனி தன் வெள்ளியை விற்றது, விலை சரிந்தது. அப்புறம்தான் அது '1873இன் குற்றம்' ஆனது. 1878லும் 1890லும் வந்த சட்டங்கள் அரசு கொஞ்சம் வெள்ளி வாங்க வழி செய்தன. அவை அரைகுறைச் சமாதானங்கள்.

கதையில் இந்தியா நுழைவது இங்கே. பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளில் வெள்ளியைக் கொடுத்து ரூபாய் வாங்கிக்கொள்ளும் உரிமை 1893 வரை யாருக்கும் இருந்தது. உலக வெள்ளிக்கு அது பெரிய வடிகால். வெள்ளி விலை விழ விழ ரூபாயின் தங்க மதிப்பும் விழுந்ததால், லிவர்பூலில் கோதுமை விற்ற இந்திய ஏற்றுமதியாளருக்குக் கூடுதல் ரூபாய் கிடைத்தது. தங்கத்தைப் பிடித்துத் தொங்குவதால் நம் கோதுமை தோற்கிறது என்று அமெரிக்க வெள்ளி ஆதரவாளர்கள் இதை வாதமாக வைத்தனர். 1893 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசு அந்த உரிமையை நிறுத்தியது. சில நாட்களில் வெள்ளி விலை குப்புற விழுந்தது. கொலராடோவில் சுரங்கங்கள் மூடின. அமெரிக்கா ஏற்கெனவே நிதி நெருக்கடியில் இருந்தது, பிப்ரவரியில் ஒரு பெரிய ரயில் கம்பெனி திவாலாகியிருந்தது. அதிபர் குரோவர் கிளீவ்லண்ட் சிறப்புக் கூட்டத்தொடரைக் கூட்டி, வெள்ளி வாங்கும் சட்டத்தை ரத்து செய்தார். அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். அவர் கட்சியே இரண்டாக உடைந்தது.

இப்போது வெள்ளிக்கு இரு தரப்பு ஆதரவு. விலை ஏற வேண்டும் என்ற கடனாளி விவசாயி ஒரு பக்கம். சரக்கு விற்க வேண்டும் என்ற சுரங்க முதலாளி இன்னொரு பக்கம். முதலாளியிடம் பிரசாரத்துக்குப் பணம் இருந்தது. வெள்ளி எளிய கோஷம், துணைக் கருவூலத்தை விளக்கவே அரை நாள் ஆகும்.

வெள்ளி பயன் தந்திருக்குமா? பணம் பெருகி விலை ஏறியிருக்கும், பழைய கடன் இளைத்திருக்கும். ஆனால் 1896இல் ஒரு டாலர் நாணயத்தில் இருந்த வெள்ளியின் சந்தை மதிப்பு 53 சென்ட்தான். 16க்கு 1 என்று வரம்பின்றி அடித்திருந்தால் தங்கம் நாட்டை விட்டுப் போயிருக்கும், வெளிநாட்டு முதலீடு கலங்கியிருக்கும். பருத்தி விவசாயி அதே கடையில் அதே பற்றுக் கணக்கோடுதான் நின்றிருப்பார். கட்சிக்குள் இதைப் பார்த்தவர்கள் இருந்தனர். சீர்திருத்த எழுத்தாளர் ஹென்றி லாய்ட், பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் பறவைக்கு வெள்ளியை ஒப்பிட்டார். நமக்குப் பழகிய கணக்கில், காக்கைக் கூட்டில் குயில்.

## 1896

ஜூலை 9 அன்று சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பிரையன் பேசினார். வயது 36. மனிதகுலத்தைத் தங்கச் சிலுவையில் அறையாதீர்கள் என்று முடித்தார். மறுநாள் அவர்தான் வேட்பாளர். கட்சி வெள்ளியை எடுத்துக்கொண்டது, துணைக் கருவூலத்தையோ ரயில் தேசிய உடைமையையோ தொடவில்லை.

மக்கள் கட்சி மாட்டிக்கொண்டது. தனி வேட்பாளர் நிறுத்தினால் வெள்ளி வாக்கு சிதறும். பிரையனை ஏற்றால் கட்சி கரையும். செயின்ட் லூயிஸில் கூடி ஏற்றுக்கொண்டது. துணை அதிபர் பதவிக்கு மட்டும், ஜனநாயகக் கட்சி நிறுத்திய வங்கியாளரும் கப்பல் முதலாளியுமான ஆர்தர் சூவலை ஒதுக்கிவிட்டு, ஜார்ஜியாவின் டாம் வாட்சனை நிறுத்தியது. தெற்கத்திப் பாப்புலிஸ்ட்கள் தங்கள் வாக்குப் பெட்டிகளைத் திருடிய அதே கட்சிக்கு வாக்குக் கேட்டுப் போக வேண்டியதானது.

எதிர்ப்பக்கம் மெக்கின்லி ஒஹாயோவின் கேன்டன் ஊரில் தன் வீட்டுத் திண்ணையை விட்டு நகரவில்லை. அவருடைய பிரசார மேலாளர் மார்க் ஹன்னா தொழிலதிபர்களிடம் திரட்டிய நிதி சுமார் 35 லட்சம் டாலர். ரயில் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்து லட்சக்கணக்கானோரைக் கேன்டனுக்கு அழைத்து வந்தன. விவசாயிகள் வருடக்கணக்கில் கேட்ட கட்டணக் குறைப்பு இப்படித்தான் நடந்தது! பிரையன் 18,000 மைல் பயணம் செய்து பேசினார்.

மெக்கின்லிக்கு 271 தேர்வாளர் வாக்குகள், பிரையனுக்கு 176. பிரையன் தோற்றதற்கு ஹன்னாவின் பணம் மட்டும் காரணம் அல்ல. ஆலைத் தொழிலாளியின் கணக்கு வேறு. கூலி அப்படியே நிற்க ரொட்டி விலை ஏறினால் அவர் வயிற்றில் அடி. பிரையன் வென்றால் ஆலை மூடும் என்று முதலாளிகளும் பயமுறுத்தினர். அயோவா, இல்லினாய் விவசாயிகள் பால், பன்றி, சோளம் என்று கலந்து செய்தவர்கள், சிகாகோ சந்தை பக்கத்தில், கடன் பழையது. அவர்களும் மெக்கின்லி பக்கமே சாய்ந்தார்கள். கூடவே, வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரங்களில் கோதுமை விலை ஏறியது. அதற்கு ஒரு காரணம் இந்தியாவில் பயிர் பொய்த்து, பெரும் பஞ்சம் தொடங்கியிருந்தது.

## நிறக்கோடு

டெக்சாஸில் 1886இல் கறுப்பு விவசாயிகள் தனிக் கூட்டணி தொடங்கினர், ஏனென்றால் வெள்ளையர் கூட்டணி அவர்களைச் சேர்க்கவில்லை. பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள், எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். இரு கூட்டணிகளின் நலன் ஒன்றல்ல. வெள்ளை உறுப்பினர் பலர் சொந்த நிலத்தில் ஆள் வைத்துப் பருத்தி எடுத்தவர்கள், கறுப்பு உறுப்பினர் பலர் அந்தக் கூலியாட்கள். 1891 செப்டம்பரில் நூறு பவுண்டு எடுக்க ஒரு டாலர் கூலி கேட்டுக் கறுப்பர் கூட்டணி வேலைநிறுத்தம் அறிவித்தபோது, வெள்ளையர் கூட்டணித் தலைவர் லியோனிடஸ் போல்க் எதிர்த்தார். ஆர்கன்சாவில் அதில் இறங்கியவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள்.

வாட்சன் 1892இல் கறுப்பு வாக்காளர்களையும் வெள்ளை வாக்காளர்களையும் பார்த்து, உங்களைத் தனித்தனியே கொள்ளையடிப்பதற்காகத்தான் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றார். தனக்காகப் பிரசாரம் செய்த கறுப்புப் போதகர் ஒருவருக்கு ஆபத்து வந்தபோது, ஆயுதம் ஏந்திய வெள்ளை விவசாயிகளைக் காவலுக்கு வைத்தார். பிற்காலத்தில் அதே வாட்சன் கறுப்பர், யூதர், கத்தோலிக்கர் மீது விஷம் கக்கினார். இரண்டும் ஒரே ஆள்தான்.

வட கரோலினாவில் பாப்புலிஸ்ட்களும், கறுப்பர் ஆதரவு பெற்ற குடியரசுக் கட்சியும் கைகோத்து 1894இல் வென்றனர். 1898 நவம்பரில் வில்மிங்டன் நகரில் ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் நகர ஆட்சியைக் கவிழ்த்தது. எத்தனை கறுப்பர் கொல்லப்பட்டனர் என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. பிறகு தெற்கு முழுவதும் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று வாக்குரிமைக்குப் பூட்டு விழுந்தது. லூசியானாவில் 1896இல் பதிவாகியிருந்த கறுப்பு வாக்காளர்கள் 1,30,334 பேர். 1900இல் 5,320 பேர். ஏழை வெள்ளையர் பலரும் பட்டியலிலிருந்து போனார்கள்.

## அவர்கள் குறை நியாயமானதா?

பொருளாதார வரலாற்றாளர்கள் சிலர் இல்லை என்பார்கள். அக்காலத்தில் சராசரி ரயில் கட்டணம் இறங்கிக்கொண்டே வந்தது, சமவெளியில் அடமான வட்டியும் குறைந்தது, வாங்கும் பொருளின் விலையும் விழுந்தது. புள்ளிவிவரம் சரிதான். ஆனால் சராசரியில் யாரும் வாழ்வதில்லை. கட்டணம் குறைந்தது போட்டி இருந்த ஊர்களில் வேகமாக, இல்லாத ஊர்களில் மெதுவாக. வட்டி குறைந்தது புதுக் கடனுக்கு. தெற்கில் கடைப் பற்றின் வட்டி எந்த அட்டவணையிலும் முழுதாக ஏறவில்லை. லிவர்பூல் விலை, மழை, கடன் முடியும் தேதி மூன்றும் தன் கையில் இல்லாதவருக்குச் சராசரி ஆறுதல் தராது.

## கோரிக்கைகள் எங்கே போயின?

1896க்குப் பிறகு பணவாட்டம் தானாக நின்றது. கனடாவின் கிளாண்டைக்கில் தங்கம் கிடைத்தது. தென்னாப்பிரிக்கத் தாதுவிலிருந்து சயனைடு முறையில் தங்கம் பிரிக்க முடிந்தது. தங்கமே பெருகியதால் விலைகள் ஏறின. 1900இல் தங்கம் சட்டப்படியும் ஒரே அடிப்படை ஆனது. கட்சி கரைந்துபோனது.

கோரிக்கைகளில் பல ஒவ்வொன்றாக வேறு கட்சிகளின் கையால் சட்டமாயின. அஞ்சலகச் சேமிப்பு 1910இல் வந்தது. வருமான வரிக்கும் செனட்டர் நேரடித் தேர்தலுக்கும் 1913இல் அரசியல் சட்டத் திருத்தங்கள். அதே ஆண்டு மத்திய வங்கி, 1916இல் விவசாய நிலக் கடன் சட்டமும் கிடங்கு ரசீதுச் சட்டமும். ரயில், தந்தி, தொலைபேசி தனியார் உடைமையாகவே இருந்தன.

துணைக் கருவூலத்துக்கு நாற்பத்து நான்கு ஆண்டு ஆனது. 1933 அக்டோபரில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு சரக்குக் கடன் நிறுவனத்தை அமைத்து, பருத்திக்குப் பவுண்டுக்கு 10 சென்ட், மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு 45 சென்ட் கடன் தந்தது. விலை ஏறினால் விற்றுக் கட்டலாம், ஏறாவிட்டால் சரக்கை அரசிடமே விட்டுவிடலாம். மக்யூனிடம் பதில் இல்லாத கேள்விக்கு, இழப்பு அரசுடையது என்ற பதில் கிடைத்தது. கடன் கிடைத்தது விளைச்சல் யார் பெயரில் இருந்ததோ அவருக்கு. அதே ஆண்டு சாகுபடிப் பரப்பைக் குறைக்க அரசு கொடுத்த பணமும் தெற்கில் பெரும்பாலும் நில உடைமையாளரிடமே நின்றது. பரப்பு குறைந்ததும் வாரத்துக்கு உழுத குடும்பங்கள், கறுப்பரும் வெள்ளையருமாக, ஆயிரக்கணக்கில் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டன.